கியூ அண்ட் டி எஃகுக்கு வெல்டிங் செய்முறை: சான்றிதழில் தொடங்கி ஆம்பியரில் முடிப்பது

அதிக வலிமை கொண்ட குவென்ச் அண்ட் டெம்பர் (கியூ அண்ட் டி) எஃகுக்கு முதல் தடவை செய்முறை எழுத உட்காருபவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில் சறுக்குகிறார்கள். சாதாரண எஃகுக்கு எழுதிய பழைய தாளை எடுத்து, எலக்ட்ரோடு பெயரை மாற்றி, ஆம்பியரையும் வோல்ட்டையும் அப்படியே விட்டு, "முன்சூடு 100 டிகிரி" (வெல்ட் வைக்கும் முன் தட்டில் இருக்க வேண்டிய சூடு) என்று ஒரு வரி சேர்த்துவிடுவார்கள். டெஸ்ட் பீஸ் தோற்ற பிறகுதான் காரணத்தைத் தேடுவார்கள்.

இந்த எஃகின் வலிமை கலவையில் மட்டும் இல்லை. சுமார் 900 டிகிரியில் சூடாக்கி, தண்ணீரில் திடீரென்று குளிர்வித்து (குவென்ச்), மறுபடி 600 டிகிரியை ஒட்டிச் சூடேற்றி (டெம்பர்) உண்டாக்கிய வலிமை அது. நீங்கள் வைக்கும் ஒவ்வொரு வெல்டும் அந்த வேலையை ஒரு குறுகிய பட்டையில் அழித்து மறுபடி செய்கிறது. சீக்கிரம் ஆறினால் அந்தப் பட்டை கண்ணாடி போல் கடினமாகி ஹைட்ரஜனால் விரிசல் விடும். மெதுவாக ஆறினால் மிருதுவாகி, தாக்குவலிமையையும் (அடியை உடையாமல் தாங்கும் திறன்) இழக்கும். செய்முறை என்பது இந்த இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளியை உங்கள் தட்டுக்குக் கண்டுபிடிப்பது. அதனால் வேலை சான்றிதழில் தொடங்க வேண்டும். ஆம்பியர் கடைசியில் வரட்டும்.

கணக்குகளுக்கு 25 மிமீ தடிமனுள்ள எஸ்690க்யூஎல் (இவ்வகை எஃகின் ஓர் ஐரோப்பியத் தரம்) தட்டை எடுத்துக்கொள்கிறேன். அமெரிக்கத் தரமான ஏ514 போன்ற மற்ற எஃகுகளுக்கும் வழி இதேதான், எண்கள் மாறும்.

1. தொடங்கும் முன் மேசையில் இருக்க வேண்டியவை

தட்டின் மில் டெஸ்ட் சர்டிபிகேட் (கலவையும் வலிமையும் காட்டும் ஆலைச் சான்றிதழ்), தட்டுத் தயாரிப்பாளர் தரும் வெல்டிங் குறிப்பேடு, எலக்ட்ரோடு அல்லது வயரின் லாட் சான்றிதழ், வேலைக்குப் பொருந்தும் கோடு (வெல்டிங் விதித்தொகுப்பு), வடிவமைப்பாளர் கேட்கும் தாக்குவலிமை வெப்பநிலை. இந்த ஐந்தும் சேரும்வரை பேனாவைத் தொட வேண்டாம்.

தளத்தில் கிளாம்ப் மீட்டர், தொடு வெப்பமானி, எலக்ட்ரோடின் ஈரத்தை நீக்கும் பேக்கிங் ஓவன், சூடு தாங்கும் கைப்பெட்டி, ஸ்டாப்வாட்ச் ஆகியவை வேண்டும். மெஷின் முகப்பில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கேபிள் நீளமாக இருந்தால் ஆர்க்கில் இருக்கும் வோல்ட் வேறாக இருக்கும்.

2. சான்றிதழிலிருந்து சிஇடி கணக்கிடுங்கள்

தரப் பெயரை வைத்து முடிவெடுப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு. எஸ்690க்யூஎல் என்பது பெரும்பாலும் வலிமைக்கும் தாக்குவலிமைக்குமான வாக்குறுதி. கலவைக்கு அதிகபட்ச எல்லை மட்டுமே உண்டு. மெல்லிய தட்டைக் குறைந்த கலப்புடன் செய்துவிடலாம். தடிமனான தட்டின் நடுப்பகுதிவரை கடினமாக வேண்டுமென்றால் கலப்பை ஏற்றியாக வேண்டும். ஒரே பெயரில் வரும் இரண்டு தட்டுகளுக்கு முன்சூட்டில் 50 டிகிரி வித்தியாசம் வரலாம்.

சிஇடி என்பது எஃகு எவ்வளவு எளிதில் கடினமாகும் என்று காட்டும் ஒரு கார்பன் சமன் எண். சூத்திரம் இது: சிஇடி = கார்பன் + (மாங்கனீஸ் + மாலிப்டினம்)/10 + (குரோமியம் + செம்பு)/20 + நிக்கல்/40. எல்லாம் எடைச் சதவீதத்தில்.

நம் தட்டில் கார்பன் 0.16, மாங்கனீஸ் 1.35, மாலிப்டினம் 0.40, குரோமியம் 0.40, செம்பு 0.04, நிக்கல் 0.20 என்று வைத்துக்கொள்வோம். சிஇடி 0.36 வரும். மாங்கனீஸை 6-ஆல் வகுக்கும் பழைய கார்பன் சமன் சூத்திரமும் சான்றிதழிலேயே அச்சாகியிருக்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். அந்த எண்ணை இந்தக் கணக்கில் போட்டால் முன்சூடு கன்னாபின்னாவென்று ஏறிவிடும்.

வேலைக்கு வரும் எல்லாத் தட்டுகளின் சான்றிதழையும் பார்த்து, சிஇடி அதிகமாக உள்ள தட்டில் டெஸ்ட் செய்யுங்கள். கையில் கிடைத்த துண்டில் செய்து தேறிவிட்டு, அதைவிடக் கடினமான தட்டு வந்து இறங்கும்போது விழிப்பதில் பயனில்லை.

3. நிரப்பு உலோகம்: வலிமைக்கு முன் ஹைட்ரஜனைப் பாருங்கள்

ஹைட்ரஜன் விரிசலுக்கு மூன்று வேண்டும்: ஹைட்ரஜன், கடினமான அமைப்பு, இழுவிசை. மூன்றும் சேர்ந்தபின் வெல்ட் ஆறினால் விரிசல் வரும். இழுவிசையை முழுக்க நீக்க முடியாது, அமைப்பையும் ஓரளவுதான் மாற்றலாம். உங்கள் கையில் முழுதாக இருப்பது ஹைட்ரஜன் மட்டும்தான். 100 கிராம் வெல்ட் உலோகத்துக்கு 5 மில்லிக்கு மேல் போகாத வகையைத் தேர்ந்தெடுங்கள்.

ஈ11018-எம் எலக்ட்ரோடு வழக்கமான தேர்வு. ஒரு நுணுக்கம் உண்டு: பெயரில் உள்ள 110 குறிப்பது 760 மெகாபாஸ்கல் இழுவிசை வலிமை. எஸ்690க்யூஎல் 50 மிமீ வரை குறைந்தது 770 கேட்கிறது. எலக்ட்ரோடு உண்மையில் 760-ஐத் தாண்டித்தான் இருக்கும், ஆனால் எவ்வளவு என்பதை லாட் சான்றிதழில் பாருங்கள். அங்கேயே இழுபறியாக இருந்தால் ஈ12018-எம் பக்கம் போகலாம். தேவையில்லாமல் போகாதீர்கள். வெல்ட் உலோகம் வலுக்க வலுக்க விரிசல் தட்டை விட்டு வெல்டுக்குள் குறுக்காக வர ஆரம்பிக்கும்.

இதே காரணத்தால் ரூட் பாஸுக்கும் (பள்ளத்தின் அடியில் வைக்கும் முதல் வெல்ட்), வெட்டுவிசை மட்டும் தாங்கும் ஃபில்லட்டுகளுக்கும் (மூலை வெல்ட்கள்) ஈ7018 போன்ற குறைந்த வலிமை எலக்ட்ரோடு நல்ல வழி. அது கொஞ்சம் நீண்டு கொடுத்து இழுவிசையைத் தணிக்கும். வடிவமைப்பாளர் முன்கூட்டியே எழுத்தில் ஒப்புக்கொண்டிருக்க வேண்டும். இழுவிசைச் சோதனையில் எண் குறைந்த பிறகு போய்க் கேட்டால் யாரும் ஒப்பமாட்டார்கள்.

பேக்கிங் எலக்ட்ரோடு தயாரிப்பாளர் சொன்னபடி. பொதுவாக 350 முதல் 400 டிகிரியில் ஒன்றிரண்டு மணி நேரம், பிறகு 120 டிகிரியை ஒட்டிய ஓவனில். அமெரிக்காவின் ஏடபிள்யூஎஸ் டி1.1 கோடில் ஈ110 வகை வெளியில் இருக்க அரை மணி நேரம்தான் அனுமதி. ஈ70 வகைக்கு நான்கு மணி நேரம். ஈ7018-க்குப் பழகிய வெல்டர் காலையில் ஒரு கட்டு எடுத்து மதியம்வரை வைத்திருப்பார். அது அவர் தவறில்லை, யாரும் சொல்லவில்லை. இந்த அரை மணி நேரத்தைச் செய்முறைத் தாளிலேயே எழுதுங்கள்.

4. முன்சூட்டைக் கணக்கிடுங்கள்

ஐரோப்பிய இஎன் 1011-2 தரும் சூத்திரம்:

முன்சூடு = 697 × சிஇடி + 160 × டேன்ஹெச்(தடிமன்/35) + 62 × (ஹைட்ரஜன் அளவின் 0.35 அடுக்கு) + (53 × சிஇடி − 32) × ஹீட் இன்புட் − 328

தடிமன் மிமீ, ஹைட்ரஜன் 100 கிராமுக்கு மில்லி, ஹீட் இன்புட் (வெல்டின் நீளத்துக்கு உள்ளே போகும் வெப்பம்) மிமீக்குக் கிலோஜூல். டேன்ஹெச் என்பது கால்குலேட்டரில் உள்ள tanh. நம் தட்டுக்கு சிஇடி 0.36, தடிமன் 25, ஹைட்ரஜன் 5, ஹீட் இன்புட் 1.2 போட்டால் சுமார் 115 டிகிரி. தாளில் 120 என்று எழுதலாம்.

இப்போது ஒவ்வொரு எண்ணாக மாற்றிப் பாருங்கள். ஹைட்ரஜனை 10 ஆக்கினால் 145 டிகிரி ஆகிறது. அரை மணி நேரத்தை மீறி எலக்ட்ரோடை ஈரக்காற்றில் வைத்தால் நீங்கள் எழுதிய 120 எப்படிப் போதாமல் போகிறது என்பது இங்கே தெரியும். ஹைட்ரஜன் 5-லேயே நின்று தடிமன் 50 ஆனால் சுமார் 160. தடிமன் 10 ஆனால் 60 போதும்.

மேல் எல்லையும் கட்டாயம். இன்டர்பாஸ் வெப்பநிலையை (ஒரு வரிசை வெல்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் முன் உள்ள சூடு) கட்டுப்படுத்தவில்லையென்றால் வெல்ட் தானாகவே சூடேறிக்கொண்டு போகும். ஏ514 வகைக்கு டி1.1 கோடு 38 மிமீ வரை 200 டிகிரிக்கு மேல் விடுவதில்லை, அதைத் தாண்டிய தடிமனுக்கு 230. எஸ்690-க்குத் தயாரிப்பாளர் குறிப்பைப் பாருங்கள். நம் உதாரணத்துக்கு 200 வைப்போம். "கொஞ்சம் அதிகமாகச் சூடாக்கினால் பாதுகாப்புதானே" என்ற பழைய பழக்கம் இந்த எஃகில் செல்லாது.

அளப்பதிலும் தவறு நடக்கும். டார்ச் படும் பக்கத்திலேயே அளந்தால் தோலின் சூடுதான் தெரியும். முடிந்தால் எதிர்ப்பக்கத்தில், ஜாயின்டிலிருந்து 75 மிமீ தள்ளி அளங்கள். ஒரே பக்கம்தான் அணுக முடியும் என்றால் டார்ச்சை எடுத்து, 25 மிமீ தடிமனுக்கு இரண்டு நிமிடம் என்ற கணக்கில் காத்திருந்து அளக்கவும்.

5. ஆறும் நேரத்திலிருந்து ஹீட் இன்புட்டுக்கு

வெல்டை ஒட்டிய பட்டை 800 டிகிரியிலிருந்து 500-க்கு இறங்க எடுக்கும் நேரம்தான் அதன் உள்ளமைப்பைத் தீர்மானிக்கிறது. இதை டி 8/5 என்பார்கள். இந்த வலிமைக்குப் பெரும்பாலும் 5 முதல் 15 வினாடி, சில தட்டுகளுக்கு 20 வரை. உங்கள் தட்டின் குறிப்பேட்டில் உள்ளதே உங்களுக்கான எண்.

தடிமனான தட்டில் சூடு மூன்று திசையிலும் ஓடும், மெல்லிய தட்டில் இரண்டு திசையில்தான். அதனால் இரண்டு சூத்திரம். இரண்டையும் போட்டு, எது அதிக நேரம் தருகிறதோ அதை எடுக்க வேண்டும்.

மூன்று திசைக்கு: (6700 − 5 × தட்டுச் சூடு) × ஹீட் இன்புட் × [1/(500 − தட்டுச் சூடு) − 1/(800 − தட்டுச் சூடு)].

இரண்டு திசைக்கு: (4300 − 4.3 × தட்டுச் சூடு) × 100000 × (ஹீட் இன்புட்/தடிமன்)-இன் வர்க்கம் × [1/(500 − தட்டுச் சூடு)-இன் வர்க்கம் − 1/(800 − தட்டுச் சூடு)-இன் வர்க்கம்].

ஜாயின்ட் வடிவத்துக்கு ஒரு திருத்தக் காரணியும் உண்டு. இங்கே அதை 1 என்றே வைக்கிறேன்.

25 மிமீ தட்டு, 120 டிகிரி, 1.2 கிலோஜூல்: மூன்று திசைக் கணக்கில் 8.5 வினாடி, இரண்டு திசையில் சுமார் 4. ஆக 8.5 வினாடி, இடைவெளிக்குள் வசதியாக உட்காருகிறது. தட்டு 200 டிகிரிக்குப் போனால் 11.4 வினாடி. அதுவும் சரி.

அதே 1.2 கிலோஜூலை, அதே 120 டிகிரியில், 10 மிமீ தட்டில் வைத்துப் பாருங்கள்: சுமார் 26 வினாடி! மூன்று மடங்கு. வெல்டர் எதையும் மாற்றவில்லை, மெஷினும் மாறவில்லை, தட்டு மட்டும் மெலிந்தது. 15 வினாடிக்குள் கொண்டுவர ஹீட் இன்புட் 0.9-க்கு இறங்க வேண்டும். மெல்லிய தட்டில் வலிமை குறைந்துவிட்டது என்று எலக்ட்ரோடைக் குறை சொல்வதற்கு முன் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கச் சொல்வேன்.

இன்னொரு பொறி. இந்தக் கணக்குகளில் உள்ள ஹீட் இன்புட் திறன் காரணியால் பெருக்கப்பட்டது. எலக்ட்ரோடுக்கும் மேக் வெல்டிங்குக்கும் 0.8, டிக்குக்கு 0.6, சப்மர்ஜ்டு ஆர்க்குக்கு 1.0. அமெரிக்கக் கோடுகளின் வழக்கமான கணக்கு இந்தக் காரணியைச் சேர்ப்பதில்லை. அங்கே 1.5 என்று எழுதுவதும் இங்கே 1.2 என்று எழுதுவதும் எலக்ட்ரோடு வெல்டிங்கில் ஒன்றேதான். தாளில் எந்தக் கணக்கு என்று ஒரு வரி எழுதாவிட்டால், அடுத்து வருபவர் தெரியாமலே 20 சதவீதம் தவறுவார்.

6. இப்போது ஆம்பியர்

ஆர்க் ஆற்றல் = வோல்ட் × ஆம்பியர் × 60 / (நிமிட வேகம் மிமீயில் × 1000). நமக்கு வேண்டிய 1.2-ஐ 0.8-ஆல் வகுத்தால் 1.5. 4 மிமீ எலக்ட்ரோடு, 165 ஆம்பியர், 25 வோல்ட் என்றால் வேகம் நிமிடத்துக்கு 165 மிமீ.

இந்த எண்ணை வெல்டரிடம் கொடுத்தால் அவருக்கு எதற்கும் உதவாது. முகமூடிக்குள் யாரும் வேகமானி பார்ப்பதில்லை. ஒரு எலக்ட்ரோடு எவ்வளவு நீளம் ஓட வேண்டும் என்று சொல்லுங்கள். முதலில் ஒரு துண்டில் எரியும் நேரத்தை அளங்கள். 70 வினாடி என்றால் ஒரு எலக்ட்ரோடு 190 மிமீ ஓட வேண்டும். 145 மிமீக்குள் முடிந்துவிட்டால் ஆர்க் ஆற்றல் 2.0 ஆகிவிட்டது. 240-க்குப் போனால் 1.2-க்கு இறங்கிவிட்டது. தட்டில் சாக்பீஸால் இரண்டு கோடு போட்டால் போதும், வெல்டர் தானே பார்த்துக்கொள்வார். நான் பார்த்தவரை இதைவிட நன்றாக வேலை செய்யும் கட்டுப்பாடு கிடையாது.

7. விளிம்பு, டேக், பீட் (ஒரு ஓட்டத்தில் வைக்கும் வெல்ட்) வரிசை

கேஸால் வெட்டிய விளிம்பு ஏற்கனவே கடினமான தோல். ஒன்றிரண்டு மிமீ கிரைண்ட் செய்து பளபளப்பாக்குங்கள். ஆர்க் கவுஜிங் (கார்பன் கம்பியின் ஆர்க்கால் உலோகத்தைத் தோண்டுவது) செய்த பள்ளத்தில் கார்பன் ஒட்டியிருக்கும், அதையும் கிரைண்ட் செய்யாமல் வெல்ட் வைக்கக்கூடாது.

பாகங்களைப் பிடித்துவைக்கும் டேக் வெல்டுக்கும் அதே முன்சூடு, அதே காய்ந்த எலக்ட்ரோடு. சின்ன டேக் ஒரு நொடியில் ஆறிவிடும், அதனால்தான் அது எல்லாவற்றையும் விட ஆபத்தானது. 50 மிமீக்குக் குறையாமல் வையுங்கள். ஆர்க் தொடங்கும் கீறல் பள்ளத்துக்குள்ளேயே விழட்டும். தட்டின் மேல் விழுந்த ஒரு ஆர்க் ஸ்ட்ரைக் என்பது முன்சூடே இல்லாத வெல்ட்.

எலக்ட்ரோடைப் பக்கவாட்டில் ஆட்டும் அகல வீவிங் வேண்டாம். நேரான சின்ன பீட்கள். வீவிங்கில் வேகம் குறைந்து ஹீட் இன்புட் உயரும், உலோகத்தின் படிகத் துகள்களும் பருக்கும். சின்ன பீட்களில் அடுத்த பீட் முந்தையதை டெம்பர் செய்துவிடும். கடைசி பீட்டுக்கு மேல் எதுவும் வராது. அதனால் மேல் அடுக்கில் இரண்டு ஓர பீட்களையும் முதலில் வைத்து, கடைசி பீட் தட்டைத் தொடாமல் வெல்ட் உலோகத்தின் மேலேயே உட்காரும்படி வரிசை எழுதுங்கள்.

வேலை நடுவில் நின்றால் சூட்டை விடாதீர்கள். ரூட் மட்டும் போட்டுவிட்டு ஆறவிட்டுப் போவது விரிசலுக்கு வழிவிடுவது: வெட்டுப்பரப்பு மிகக் குறைவாகவும் இழுவிசை மிக அதிகமாகவும் இருக்கும் நேரம் அதுதான்.

8. டெஸ்ட் பீஸ்

இரண்டு பக்கமும் 150 மிமீ, நீளம் 350 மிமீ என்பது செய்முறைச் சோதனைக்கான ஐஎஸ்ஓ 15614-1 கேட்கும் குறைந்த அளவு. இடம் இருந்தால் பெரிதாக்குங்கள். சின்னத் துண்டு சீக்கிரம் சூடேறி, உண்மையான வேலையை விட மெதுவாக ஆறும். இழுப்பு இல்லாமல் தாராளமாகச் சுருங்கும். அப்படித் தேறிய செய்முறை பெரிய பாகத்தில் விரிசல் விடும். பின்னால் வலுவான ஸ்ட்ராங்பேக் (அசையாமல் பிடிக்கும் தாங்கு பட்டை) வைத்துக் கட்டுங்கள்.

கோடு 25 மிமீ சோதனையை வைத்து 12.5 முதல் 50 மிமீ வரை அனுமதிக்கும். அது காகிதத்தின் எல்லை. நான்காம் படியில் 50 மிமீக்கு 160 டிகிரி வந்ததை நினைவில் வையுங்கள். தடிமன் மாறினால் கணக்கை மறுபடி போட வேண்டும்.

ஒவ்வொரு பீட்டுக்கும் ஆம்பியர், வோல்ட், நீளம், நேரம், தொடங்கும் சூடு ஐந்தையும் ஒருவர் பக்கத்தில் நின்று எழுத வேண்டும். பிறகு நினைவிலிருந்து நிரப்பிய தாளை நம்பி எழுதிய செய்முறை வெறும் ஊகம்.

9. 48 மணி நேரம் காத்திருங்கள்

ஹைட்ரஜன் விரிசல் வெல்ட் முடிந்து பல மணி நேரம் கழித்து வரும். ஏ514 போன்றவற்றுக்கு 48 மணி நேரம் கழித்தே இறுதிச் சோதனை செய்ய வேண்டும் என்று டி1.1 சொல்கிறது. நான் உடனிருந்த ஒரு வேலையில் மறுநாள் காலையிலேயே அல்ட்ராசோனிக் பார்த்து, சுத்தமாக இருக்கிறது என்று கையெழுத்திட்டோம். மூன்றாம் நாள் மறுபடி பார்த்தபோது வெல்டுக்குக் குறுக்காக நான்கு விரிசல். அதற்கப்புறம் இந்தக் காத்திருப்பை நான் யாருக்காகவும் குறைத்ததில்லை.

தடிமனான ஜாயின்டில், முடிந்தவுடன் ஆறவிடாமல் 200 டிகிரி அளவில் இரண்டு மணி நேரம் வைத்தால் ஹைட்ரஜன் வெளியேறும். இது ஸ்ட்ரெஸ் ரிலீஃப் (உள்ளே தங்கிய இழுவிசையைத் தணிக்க அதிக வெப்பத்தில் சூடாக்குவது) இல்லை. ஸ்ட்ரெஸ் ரிலீஃபை வடிவமைப்பு கேட்டால் தவிர இந்த எஃகில் செய்யாதீர்கள். டெம்பர் வெப்பநிலையைத் தாண்டினால் தட்டின் வலிமை போய்விடும், தாண்டாவிட்டாலும் சில கலவைகளில் வெல்ட் ஓரத்தில் மறுசூட்டு விரிசல் வரும்.

10. முடிவுகளை வாசிப்பது

கடினத்தன்மை: இந்த வகைக்கு, ஸ்ட்ரெஸ் ரிலீஃப் இல்லாமல், ஐஎஸ்ஓ எல்லை 450 விக்கர்ஸ். அதைத் தாண்டினால் ஆறும் வேகம் அதிகம். முன்சூட்டையோ ஹீட் இன்புட்டையோ கொஞ்சம் ஏற்றுங்கள். எல்லைக்குள் இருந்தாலும் அளந்த எண்களின் வரிசையை முழுக்கப் பாருங்கள். வெல்டிலிருந்து சில மிமீ தள்ளி எண் தட்டை விடக் கீழே சரிந்து எழுந்தால் அது மிருதுவான பட்டை. குறுகலாக இருந்தால் பரவாயில்லை, அகலமாக இருந்தால் சூடு அதிகம்.

இழுவிசை: 770-க்குக் கீழே போனால் எங்கே உடைந்தது என்று முதலில் பாருங்கள். மிருதுப் பட்டையில் என்றால் ஐந்தாம் படிக்குத் திரும்புங்கள். வெல்டில் என்றால் மூன்றாம் படிக்கு.

பெண்ட் (வளைத்துப் பார்க்கும் சோதனை): இங்கே நல்ல வெல்ட்கள் அநியாயமாகத் தோற்கின்றன. சாதாரண எஃகுக்கு வைக்கும் 4 மடங்கு தடிமன் ஃபார்மரை (மாதிரியை வளைக்கும் உருளை) ஆய்வகம் பழக்கத்தில் எடுத்துவிடும். நீட்சி 20 சதவீதத்துக்குக் குறைந்த எஃகுக்கு ஃபார்மர் விட்டம் = (100 × தடிமன்/நீட்சி) − தடிமன். எஸ்690-க்கு நீட்சி 14 என்றால் தடிமனைப் போல் சுமார் 6.1 மடங்கு. 10 மிமீ பக்கப் பெண்டுக்கு 61 மிமீ. மாதிரியுடன் இந்த எண்ணையும் எழுதி அனுப்புங்கள்.

சார்பி (அடித்து உடைத்துத் தாக்குவலிமையை அளக்கும் சோதனை): எஸ்690க்யூஎல் தட்டு நீளவாக்கில் மைனஸ் 40 டிகிரியில் 30 ஜூல் தர வேண்டும். வெல்ட் நடுவிலும், வெப்பம் பாதித்த பட்டையிலும் நாட்ச் (உடைவு தொடங்கும் சிறு பள்ளம்) வெட்டுங்கள். பட்டையில் மட்டும் குறைந்தால் பெரும்பாலும் ஹீட் இன்புட்டும் இன்டர்பாஸ் சூடும்தான் காரணம்.

11. தாளில் எழுதுவது

தாக்குவலிமை கேட்கப்பட்டால் ஹீட் இன்புட்டை டெஸ்டில் இருந்ததை விட 25 சதவீதம் வரை ஏற்ற ஐஎஸ்ஓ அனுமதிக்கிறது. கடினத்தன்மை கேட்கப்பட்டால் 25 சதவீதம் வரை இறக்கலாம். அந்த எல்லைகளையும் ஆறும் நேரக் கணக்கில் போட்டுப் பார்த்து, வெளியே போகிற பக்கத்தைக் குறுக்குங்கள்.

வெல்டர் கைக்குப் போகும் பக்கத்தில் இவை மட்டும் இருக்கட்டும்: குறைந்த சூடு, அதிக சூடு, எங்கே அளப்பது, ஆம்பியர் எல்லை, ஒரு எலக்ட்ரோடுக்குக் குறைந்த நீளமும் அதிக நீளமும், பீட் வரிசையின் படம், எலக்ட்ரோடு வெளியே இருக்கலாகும் நேரம். சூத்திரங்களும் சோதனை அறிக்கைகளும் கோப்பில் இருந்தால் போதும். முதல் ஜாயின்ட் போடும் நாளில் நீங்களே வெப்பமானியோடு பக்கத்தில் நில்லுங்கள். தாளில் எழுதியதில் எது நடைமுறைக்கு ஒத்துவரவில்லை என்பதை வெல்டர் அன்றைக்கே சொல்லிவிடுவார், அதைக் குறித்துக்கொண்டு தாளைத் திருத்துங்கள்.